வருஷக்கணக்கில் தொடாத இணையதளத்தைத் திரும்ப எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் இணையதள வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். புதுத் தளம் கேட்டு வருபவர்களைவிட, "ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு, அதை மறுபடி எடுக்கணும்" என்று வருபவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். மாசி வீதிக் கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி நாட்களில் கணினிக் குறிப்புகள் எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போனதும் விட்டுவிட்டவர்கள். எல்லோருக்கும் வருவது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முன்பகுதி யாருக்கும் புரியும். பின்பகுதிக்குக் கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

"என் சைட் இன்னும் இருக்கா, இல்லையான்னே தெரியலைண்ணே. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சைட் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே தவிர, அதில் மூன்று தனித்தனிச் சமாச்சாரம் இருக்கிறது. டாட் காம், டாட் இன் என்று முடியும் பெயர், அதாவது டொமைன். பக்கங்கள் குடியிருக்கும் வாடகை இடம், அதாவது ஹோஸ்டிங். அப்புறம் நீங்கள் எழுதியதும் எடுத்த படங்களும். பெயரை ஒரு நிறுவனத்திலும் இடத்தை இன்னொரு நிறுவனத்திலும் வாங்கியிருக்கலாம். ஒன்று போனதால் மற்றதும் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

முகவரியை அடித்துப் பாருங்கள். பழைய பக்கமே வந்தால் மூன்றும் உயிரோடு இருக்கின்றன. வெறும் விளம்பரப் பக்கம் வந்தால் பெயர் கைமாறியிருக்கலாம், அல்லது காலாவதியாகியிருக்கலாம். எதுவுமே வராவிட்டால், டொமைன் பதிவு விவரத்தைக் காட்டும் ஹூயிஸ் தேடலில் பெயரைக் கொடுங்கள். எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்ற இரண்டும் அதில் தெரியும். அந்த இரண்டையும் குறித்து வைத்துக்கொண்ட பிறகுதான் மற்ற எல்லாம்.

"டொமைன் எக்ஸ்பைரி ஆயிடுச்சு. இனிமே கிடைக்கவே கிடைக்காதா?"

டாட் காம் என்றால் உடனே போய்விடாது. காலாவதியான பிறகு அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுவார்கள். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சிலர் அதற்குள்ளேயே ஏலத்தில் விட்டுவிடுகிறார்கள். அது தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம். அப்போதும் உங்களுக்குத்தான் முதல் உரிமை, ஆனால் அபராதம் பலமாக இருக்கும். கடைசி 5 நாள் யாரும் எதுவும் செய்ய முடியாது. அதற்குப் பிறகு பெயர் பொதுவுக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

மீட்புக் காலத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அபராதத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள். பத்து வருஷத்தில் மற்ற பக்கங்களிலிருந்து உங்கள் பெயருக்கு வந்த இணைப்புகள், அச்சடித்த விசிட்டிங் கார்டுகள், பில் புத்தகத்தின் அடியில் போட்ட முகவரி எல்லாம் அந்தப் பெயரைத்தான் காட்டுகின்றன. புதுப் பெயர் எடுத்தால் அத்தனையும் வீண்.

"சைட் பண்ணிக் கொடுத்த தம்பி சென்னைக்குப் போயிட்டாப்ல. பாஸ்வேர்டு எதுவும் எங்கிட்ட இல்ல."

மதுரையில் நான் பார்க்கும் பழைய தளங்களில் பெரும்பாலானவை இந்த நிலைமையில்தான் இருக்கின்றன. முதலில் பழைய மின்னஞ்சலைத் தேடுங்கள்: புதுப்பித்தல் ரசீது, "உங்கள் டொமைன் முடியப்போகிறது" என்ற கடிதம், வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே மாதத்தில் போன சின்னத் தொகை. ஏதாவது ஒன்று சிக்கினால் நிறுவனத்தின் பெயர் தெரிந்துவிடும். பதிவு உங்கள் மின்னஞ்சலில் இருந்தால் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' கொடுத்தாலே வேலை முடிந்தது.

பதிவே அந்தத் தம்பியின் பெயரில் இருந்தால், சட்டப்படி அது அவருடையதாகத்தான் பதிவேட்டில் நிற்கும். சண்டைக்குப் போகாமல் ஃபோன் போட்டுப் பேசுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது பாஸ்வேர்டு இல்லை, டிரான்ஸ்ஃபர் கோடு. உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அந்தக் குறியீட்டைக் கொடுத்து டொமைனை அங்கே மாற்றிக்கொண்டால் இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். இனிமேல் யாரிடம் தளம் செய்யக் கொடுத்தாலும் டொமைனை மட்டும் நீங்களே, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

"ஹோஸ்டிங் போயிருச்சு, பேக்கப் எடுத்து வைக்கலை. எழுதினதெல்லாம் போச்சுதானே?"

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 1996 முதல் உலகத்தின் இணையப் பக்கங்களைச் சேமித்து வருகிறது. அதை எல்லோரும் பார்க்கும்படி 2001இல் திறந்த வாசல்தான் வேபேக் மெஷின். உங்கள் பழைய முகவரியைக் கொடுத்தால் மேலே வருஷங்கள் வரிசையாக நிற்கும், கீழே அந்த வருஷத்தின் நாள்காட்டி வரும். வட்டமிட்ட தேதிகளில் உங்கள் பக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். தளம் நன்றாக இருந்த கடைசி வருஷத்தில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போங்கள். முகப்புப் பக்கம் மட்டும் கிடைத்து உள்பக்கம் வராவிட்டால், அந்த உள்பக்கத்தின் முழு முகவரியைத் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். வேறு தேதியில் சேமித்திருப்பார்கள்.

எழுத்து பெரும்பாலும் கிடைத்துவிடும், படங்கள்தான் பாதி காணாமல் போயிருக்கும். அதற்கு வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய சி.டி., பழுதான கணினியின் ஹார்ட் டிஸ்க், யாருக்கோ அனுப்பிய மின்னஞ்சலின் இணைப்பு ஆகியவற்றைக் கிளறிப் பார்க்க வேண்டும். கிடைத்தது எதுவானாலும் உடனே உங்கள் கணினியில் ஒரு நகல், பென் டிரைவில் ஒரு நகல். அழகுபடுத்துவதெல்லாம் அப்புறம்.

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு சார் இந்த வேலை? இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் போதாதா?"

இன்றைக்கு மாட்டுத்தாவணியில் மல்லி கிலோ என்ன விலை என்று சொல்வதற்கு வாட்ஸ்அப்பைவிட நல்ல வழி கிடையாது. நாளைக்கும், ஐந்து வருஷம் கழித்தும் தேவைப்படுகிற விஷயத்தை அங்கே வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இலவசமாகத் தளம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடியது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். அங்கே இருந்தவை யாருடைய எழுத்தாக இருந்தாலும் சேர்ந்துதான் போயின.

சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடையின் பழைய தளத்தில் ஒரு பக்கம் உண்டு. துணியை விரல்நுனியால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கிக் காயவைத்து, முடிச்சைப் பிரித்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளியாக நிற்கும் என்று கடைக்காரரின் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. கையால் கட்டிய புள்ளி ஒன்றுபோல ஒன்று இருக்காது, புதுச் சேலையைத் தடவினால் முடிச்சு நின்ற இடம் விரலில் தட்டுப்படும், அச்சடித்த சேலை வழவழவென்று இருக்கும் என்று அடையாளமும் சொல்லியிருக்கிறது. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அசல் எது என்று கேட்டு வருகிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் பதில். கடையின் இன்ஸ்டாகிராமில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கின்றன, இந்த விவரம் ஒன்றில்கூட இல்லை. பழைய தளத்தை எடுக்கச் சொல்வது இப்படிப்பட்ட பக்கங்களுக்காகத்தான்.

"தமிழ் எழுத்தெல்லாம் கிறுக்கலா வருது. திரும்ப டைப் அடிக்கணுமா?"

பெரும்பாலும் வேண்டாம். எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்த்தால் எப்படிச் சரிசெய்வது என்று தெரிந்துவிடும். முதல் வகை, ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் வரிசையாக நிற்பது. இது, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய பழக்கம். பாமினி, வானவில் போன்ற ஃபாண்டுகளில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருந்தார்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஃபாண்ட் இருந்தவரை தமிழாகத் தெரிந்தது, ஃபாண்ட் போனதும் முகம் தெரிந்துவிட்டது. திஸ்கி, 1999இல் தமிழக அரசு அறிவித்த டாப், டாம் ஆகிய பழைய எழுத்துக் குறியீடுகளில் எழுதிய பக்கங்களும் இதே கதைதான், அங்கே கோடு போட்ட விசித்திர எழுத்துகள் வரும். பக்கத்தின் மூலநிரலில் ஃபாண்ட் பெயர் இருக்கும். அதைப் பார்த்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் யூனிகோடாக வந்து விழும்.

இரண்டாம் வகை, தலையில் கோடு போட்ட சின்ன 'ஏ', பக்கத்திலேயே வட்டத்துக்குள் 'ஆர்' என்ற வணிகக் குறி, இந்த ஜோடி வரிக்கு வரி வந்துகொண்டே இருப்பது. சந்தேகமே வேண்டாம், உள்ளே இருப்பது நல்ல யூனிகோடு தமிழ். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும், அதில் முதல் இரண்டு பைட் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றேதான். மேற்கத்திய எழுத்து என்று உலாவி தப்பாகப் படிப்பதால் அந்த ஜோடி வருகிறது. சாதாரணப் பக்கமாக இருந்தால் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்த்தாலே சரியாகிவிடும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருந்தால் கவனம் தேவை: 8.0 பதிப்புக்கு முன்புவரை அது எதையும் சொல்லாவிட்டால் லத்தீன்1, அதாவது மேற்கத்திய எழுத்து, என்றே எடுத்துக்கொள்ளும். நேராக யுடிஎஃப்-8க்கு மாற்றினால் தப்பு இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். அந்தப் புலத்தை முதலில் பைனரி வகைக்கு மாற்றி, பிறகு யுடிஎஃப்8எம்பி4 என்று அறிவிக்க வேண்டும். நகலில் செய்து பார்த்துவிட்டுத்தான் அசலைத் தொட வேண்டும்.

மூன்றாம் வகை, வெறும் கேள்விக்குறிகள். இது மட்டும்தான் உண்மையான இழப்பு. சேமிக்கும்போதே எழுத்து தூக்கி எறியப்பட்டுவிட்டது, எந்த மாற்றியும் திரும்பக் கொண்டுவராது. மேலே சொன்ன வேபேக் மெஷினில் கேள்விக்குறியாவதற்கு முந்தைய நகல் இருக்கிறதா என்று பாருங்கள்.

"கன்வெர்ட் பண்ணியாச்சு. ஆனா சில வார்த்தையைத் தேடினா வரவே மாட்டேங்குது. கண்ணுக்குச் சரியாத்தானே தெரியுது?"

பழைய ஃபாண்டுகளில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம்: 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், பிறகு 'ஒ'வின் குறி ஒன்றே ஒன்று. சில மாற்றிகள் அந்த ஒற்றைக் குறியைப் போடாமல் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டுவிடும். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. எழுத்தை என்எஃப்சி என்ற சீர்வடிவத்துக்கு மாற்றும் கட்டளை ஏறக்குறைய எல்லா நிரல்மொழியிலும் இருக்கிறது. மொத்தப் பக்கத்துக்கும் ஒரு தடவை ஓட்டினால் இது தீர்ந்துவிடும்.

அது தீர்க்காத சில உண்டு. கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும். 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு, 'க' இடத்தில் தமிழ் எண் ஒன்று இருக்கும், உருவம் ஒன்றேதான். 'ஔ' என்ற ஓர் எழுத்துக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நூல் பக்கங்களோடு மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்த முயற்சி, திஸ்கியில் வெளியிட்ட பழந்தமிழ் நூல்களை அப்புறம் யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. நம்முடையது நாற்பது ஐம்பது பக்கம்தானே, செய்துவிடலாம்.

"'பாதுகாப்பானது இல்லை'ன்னு மேலே காட்டுது. வைரஸ் புகுந்திருச்சா?"

இல்லை. முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபி என்று மட்டும் இருக்கிறது, எச்டிடிபிஎஸ் இல்லை, அவ்வளவுதான். 2018 ஜூலையில் குரோம் 68ஆம் பதிப்பு வந்ததிலிருந்து அப்படிப்பட்ட எல்லாத் தளத்துக்கும் இந்த எச்சரிக்கை விழுகிறது. எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் மூலம் இலவசமாகவே கிடைக்கிறது. நல்ல ஹோஸ்டிங்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் போட்டு, தானாகவே புதுப்பித்தும் கொள்ளும். இதற்கென்று தனியாகப் பெரிய தொகை கேட்டால் ஏன் என்று விசாரியுங்கள். போட்ட பிறகு ஏதாவது படம் தெரியாமல் போனால் அது பழைய எச்டிடிபி முகவரியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

"கம்ப்யூட்டர்ல நல்லா இருக்கு, ஃபோன்ல திறந்தா எழுத்து எறும்பு மாதிரி இருக்கே?"

அந்தக் காலத்தில் 800 பிக்சல் அகலத்தில் அட்டவணை போட்டு, அதற்குள் இடப்பக்கம் மெனு, வலப்பக்கம் செய்தி என்று அடுக்கினோம். ஃபோன் அந்த அகலம் முழுவதையும் உள்ளங்கைக்குள் சுருக்கிக் காட்டுகிறது. திரைக்கு ஏற்றபடி பக்கமே மாறிக்கொள்ளும் வடிவமைப்புக்கு ஈதன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர் 2010இல் பெயர் வைத்து எழுதிய பிறகுதான் அது பரவியது. அதற்கு முந்தைய தளங்களில் இதை எதிர்பார்க்க முடியாது.

செய்ய வேண்டியது நினைப்பதைவிடக் குறைவு. திரையின் அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லி, தலைப்பகுதியில் வியூபோர்ட் என்ற ஒரு வரி. அட்டவணைகளைக் கழற்றிவிட்டு, செய்தி முதலில், மெனு பிறகு என்று நேர்வரிசையில் வைப்பது. படங்களுக்கு அதிகபட்ச அகலம் 100 சதவீதம். எழுத்து நிறைந்த தளத்துக்கு இந்த மூன்றுமே பாதிக்கு மேல் சரிசெய்துவிடும். பெரிய தீம் வாங்கி மேலே போர்த்த வேண்டாம்.

"முகப்புல ஃபிளாஷ்ல கோபுரம் சுத்தற மாதிரி பண்ணியிருந்தோம். அது வெறும் கட்டமா நிக்குது."

அடோபி 2020 டிசம்பர் 31இல் ஃபிளாஷை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் அது ஓடாதபடி தடுத்தும்விட்டது. ரஃபிள் என்ற இலவசக் கருவி பழைய ஃபிளாஷ் கோப்புகள் பலவற்றை இப்போதும் ஓட்டிக் காட்டும். அதில் ஒரு தடவை ஓட்டி, வீடியோவாகப் பதிந்து நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் நல்ல படம் ஒன்று போதும். ஃபிளாஷுக்குள் கடை முகவரியோ விவரமோ எழுதியிருந்தால் அதை மறக்காமல் சாதாரண எழுத்தாக வெளியே எடுங்கள்.

"தமிழுக்கு எந்த ஃபாண்ட் வச்சா படிக்க நல்லா இருக்கும்?"

கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பதிலேயே நம் ஊர்ப் பெயரில் ஒன்று இருக்கிறது: ஹிண்ட் மதுரை. சின்ன அளவிலும் தெளிவாக நிற்கும், பக்கத்தில் ஆங்கிலம் வந்தாலும் ஒத்துப்போகும். நீளமான கட்டுரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ் எனக்குப் பிடிக்கும். முன்பு அரிமா மதுரை என்று இருந்து, இப்போது அரிமா என்ற பெயரில் கிடைக்கும் ஒன்றும் உண்டு, வளைவாக அழகாக இருக்கும், தலைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், பத்தி பத்தியாகப் படிக்க முடியாது.

ஃபாண்டைவிட முக்கியம் வரி இடைவெளி. 'றூ', 'ஞ்ஞி', 'ஸ்ரீ' என்று தமிழ் மேலும் கீழும் நீளும். ஆங்கிலத்துக்குப் போட்ட 1.4 இடைவெளியில் ஒரு வரியின் கால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும், 1.7 வையுங்கள். இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று ஜஸ்டிஃபை போடாதீர்கள், நம் சொற்கள் நீளம் என்பதால் ஃபோனில் வரிக்குள் பெரிய பெரிய ஓட்டை விழும். சாய்வெழுத்தும் வேண்டாம், தமிழில் அது பெரும்பாலும் நிமிர்ந்த எழுத்தைக் கணினி இழுத்துச் சாய்த்ததுதான்.

"வேர்ட்பிரஸ் அப்டேட் கொடுத்தேன், வெள்ளைத் திரை மட்டும் வருது."

எழுதியது எதுவும் போகவில்லை, அது தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கிறது. பழைய தீமும் (தோற்றம்) பிளக்இன்னும் (கூடுதல் வசதி), வேர்ட்பிரஸ் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியின் புதுப் பதிப்போடு ஒத்துப்போகவில்லை. தரவுத்தளத்தோடு பேசப் பழைய நிரல்கள் பயன்படுத்திய மைஎஸ்கியூஎல் கட்டளைகள் பிஎச்பி 7.0இலேயே எடுக்கப்பட்டுவிட்டன, பிஎச்பி 8 இன்னும் கறார். ஹோஸ்டிங்கில் கோப்புகளுக்குள் போய் பிளக்இன்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், எல்லாம் ஒரே அடியில் அணைந்துவிடும். தளம் திரும்பி வந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு எது தடுக்கிறது என்று பார்க்கலாம். வராவிட்டால் தீம் இருக்கும் ஃபோல்டரையும் அதே மாதிரி விலக்குங்கள். பழைய பிஎச்பிக்கே திரும்பிப் போவது ஒரு நாள் ஏற்பாடாக இருக்கலாம், நிரந்தரமாக வைக்கக் கூடாது: 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்களே 2022 நவம்பரோடு நின்றுவிட்டன.

"கூகுள்ல எங்க கடை பேரைப் போட்டா கீழே ஏதோ மாத்திரை விளம்பரம் வருது. நாங்க போடலையே?"

பூட்டாமல் விட்ட தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். கைவிட்ட தளங்களில் இது சகஜம். 2011இல் டிம்தம்ப் என்ற படம் சுருக்கும் சின்ன நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அது எத்தனையோ தீம்களுக்குள் சத்தமில்லாமல் இருந்தது. உங்களுக்கு மட்டும் தளம் சரியாகத் தெரியும், கூகுளுக்கு வேறு பக்கம் காட்டும்படி எழுதியிருப்பார்கள். அதனால்தான் வருஷக்கணக்கில் கண்ணில் படவில்லை.

கெட்ட கோப்பை மட்டும் தேடி அழித்தால் ஒரு மாதத்தில் திரும்ப வரும். எழுத்தையும் படங்களையும் வெளியே எடுத்துக்கொண்டு, ஹோஸ்டிங்கை மொத்தமாகத் துடைத்து, புது வேர்ட்பிரஸைப் புது பாஸ்வேர்டுகளோடு நிறுவி, அதற்குப் பிறகு எழுத்தை உள்ளே கொண்டுவாருங்கள். படங்கள் ஃபோல்டருக்குள் பிஎச்பி கோப்பு ஏதாவது இருந்தால் அது படம் இல்லை, எடுத்துவிடுங்கள். கடைசியாக, தள உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோலில் மறுபரிசீலனை கேளுங்கள்.

"புதுசாப் பண்ணப் போறோம். பழைய பக்கத்தையெல்லாம் தூக்கிடலாம்ல?"

தூக்காதீர்கள். எதை மாற்றினாலும் பக்கத்தின் முகவரியை மாற்றாதீர்கள், மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பல் வையுங்கள். இந்தப் பதில்களில் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள் என்பேன். 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் வைத்த உலகின் முதல் இணையதளத்தை, 2013இல் செர்ன் தேடி எடுத்து அதே பழைய முகவரியிலேயே திரும்ப வைத்தது.

பழைய குறிப்பு காலாவதியாகியிருக்கும் என்பது உண்மைதான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6க்கு நீங்கள் கண்டுபிடித்த குறுக்குவழி இன்று யாருக்கும் வேண்டாம். அழிப்பதற்குப் பதில் மேலே ஒரு வரி போடுங்கள்: எந்த வருஷம் எழுதியது, இப்போது என்ன மாறிவிட்டது. எழுதியதை எழுதியபடியே விடுங்கள்.

கடை விவரங்கள் மட்டும் விதிவிலக்கு, அவை திருத்தப்பட வேண்டும். புதுமண்டபத்தில் கடை என்று போட்டிருப்பவர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டதை எழுதவில்லை என்றால் வெளியூர் ஆட்கள் அலைவார்கள். துண்டித்த 0452 தொலைபேசி எண்ணை எடுங்கள். 2018க்கு முன் ஒட்டிய கூகுள் வரைபடம் இருட்டாகி, குறுக்கே எழுத்து விழுந்து நிற்கலாம். அதை எடுத்துவிட்டு சாதாரண வரைபட இணைப்பு கொடுத்தாலே போதும்.

"பக்கத்தோட முகவரியைத் தமிழ்லயே வைக்கலாமா?"

வைக்கலாம், நன்றாக வேலை செய்யும். ஆனால் பின்விளைவு தெரிந்து வையுங்கள். முகவரியில் தமிழ் எழுத்து நேராகப் போகாது, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக மாறும். 3 பைட் என்று மேலே சொன்னேன் இல்லையா, ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. 'மதுரை' என்பதில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து. முகவரியை நகலெடுத்து ஒட்டினால் 45 எழுத்தாக நீளும்.

வேர்ட்பிரஸில் இதற்கு மேல் ஒரு சிக்கல். பக்கப் பெயருக்கு அது 200 எழுத்துதான் இடம் வைத்திருக்கிறது. 22 தமிழ்க் குறிகளுக்கு மேல் போனால் நடுவில் வெட்டிவிடும். பழைய தளத்தை வேறு இடத்துக்கு மாற்றும்போது புது மென்பொருள் தலைப்பிலிருந்து முழு முகவரியை உருவாக்கும், பழையதோ வெட்டுப்பட்டது, இரண்டும் ஒத்துப்போகாமல் இணைப்புகள் அறுந்துவிடும். மாற்றும் முன் பழைய முகவரிகளின் பட்டியலை அப்படியே எடுத்து வைத்து, 301 திருப்பலை அந்தப் பட்டியலிலிருந்து எழுதுங்கள். இனிமேல் எழுதுவதற்குச் சின்னச் சின்னப் பெயராக வையுங்கள். டொமைனையே தமிழில் வைக்க டாட் இந்தியா இருக்கிறது, எனக்கு அதில் ஆசை உண்டு. முதன்மை முகவரியாக டாட் காமோ டாட் இன்னோ இருக்கட்டும், தமிழ்ப் பெயரை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

"ஆரம்பிச்சிட்டு மறுபடி விட்டுடுவேனோன்னு பயமா இருக்குண்ணே. வாரம் ஒண்ணு எழுதணுமா?"

வேண்டவே வேண்டாம்பா. சொல்ல ஒன்று இருக்கும்போது எழுதினால் போதும். மூன்று மாதம் எழுதாவிட்டால் அந்தத் தளம் கெட்டுப்போகாதபடி கட்டி வைப்பதுதான் முக்கியம். நீ மட்டும் எழுதுகிற தளம் என்றால் தரவுத்தளமே வேண்டாம். எழுத்தைச் சாதாரணக் கோப்புகளில் வைத்து, ஹியூகோ மாதிரி ஒரு கருவியால் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி ஏற்றிவிடு. அப்டேட் கேட்காது, வெள்ளைத் திரை வராது, மேலே சொன்ன மாத்திரைக்காரர்களும் சுலபத்தில் புக முடியாது. 1990களில் எழுதிய எச்டிஎம்எல் பக்கம் இன்றைக்கும் உலாவியில் திறக்கிறது.

"இது எங்க அப்பாவோட சைட். அவர் தவறிட்டார். வேற எதுவும் சேர்க்காம அப்படியே வச்சிருக்கணும், என்ன பண்றது?"

முதலில் டொமைன் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பதிவு நிறுவனங்கள் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்கலாம். அப்பாவின் மின்னஞ்சல் கணக்கு இன்னும் திறக்கிறது என்றால் அது மூடுவதற்குள் இதை முடித்துவிடுங்கள். எழுத்தின் உரிமையும் குடும்பத்துடையதுதான், இந்தியச் சட்டப்படி எழுதியவரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டு வரை.

அப்புறம் தளத்தை வெறும் எச்டிஎம்எல் நகலாக எடுங்கள். எச்டிடிடிராக் போன்ற இலவசக் கருவி பக்கம் பக்கமாக இறக்கிக் கொடுக்கும். எழுத்து கெட்டிருந்தால் சரிசெய்யுங்கள், ஃபோனில் படிக்கிற மாதிரி ஆக்குங்கள், அவர் எழுதிய வாக்கியத்தைத் தொடாதீர்கள், பிழை இருந்தாலும். கருத்துப் படிவம், தொடர்புப் படிவம் இரண்டையும் எடுத்துவிடுங்கள். எழுதுபவர்களுக்குப் பதில் வராது. அவர் யார், எந்த வருஷம் வரை எழுதினார் என்று முகப்பில் ஒரு வரி போதும்.

டாட் காமை ஒரே நேரத்தில் 10 வருஷம் வரை முன்கூட்டிக் கட்டி வைக்கலாம். தானாகப் புதுப்பிக்கச் சொல்லி விட்டால் மட்டும் போதாது, அதில் கொடுத்த கார்டு நடுவில் காலாவதியானால் புதுப்பித்தல் நின்றுவிடும். பதிவில் இருக்கும் மின்னஞ்சல் வீட்டில் இரண்டு பேராவது பார்க்கிற முகவரியாக இருக்கட்டும்.